ஐம்பத்தாறுக்கு மூன்று

சனிக்கிழமை ராத்திரி தோற்றோம்.
ஞாயிற்றுக்கிழமை தபால் கிடையாது.
அரசாங்கம் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது.

திங்கள் காலை நெப்ராஸ்காவில் உறைபனி.
வலப்பக்கம் ஸ்டியரிங் வைத்த வண்டியில்
நானூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளுக்கான கடிதங்கள்.
பாதிப் பெட்டிகளின் மேல் மஞ்சள் கொடி.
மஞ்சள் என்றால் கியர்ஸ்லி. கியர்ஸ்லி என்றால் காளைகள்.
நாங்கள் ஆல்டன் நாரைகள். எங்கள் நிறம் சாம்பல்.
சனிக்கிழமைக்குப் பிறகு
அது நிறம்கூட இல்லை, வெறும் சாம்பல்.

எப்படித் தோற்றோம் என்று கேட்காதீர்கள்.
சொல்கிறேன்.
சொந்த மைதானத்தில்,
முதல் பந்தையே எங்கள் பையன் அவர்கள் கையில் கொடுத்தான்,
மீதிச் சில்லறை கொடுப்பதுபோல, அத்தனை பதவிசாக.
இடைவேளைக்குள் முப்பத்தைந்து.
பாண்டுக் குழுவில் ஒரு பெண்
டியூபாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.
கடைசி நிமிஷத்தில் ஒரு ஃபீல்டு கோல்,
மூன்று புள்ளி.
பூஜ்யமாகவே விட்டிருக்கலாம்.
பூஜ்யத்துக்கு ஒரு மானம் உண்டு.
மூன்று என்பது
யாரோ பாக்கெட்டைத் துழாவிப் போட்டது.

நான் ஆல்டனில் படித்தவள் இல்லை.
பத்தொன்பது வயதில் அதன் விடுதிச் சமையலறையில்
இரண்டு வருஷம் தட்டு கழுவினேன்.
ஒரு சனிக்கிழமை, ஜன்னல் வழியாக
அந்த இரைச்சல் வந்து என் ஈரக் கைகளைத் தொட்டது.
அவ்வளவுதான் நடந்தது.
பட்டம் வாங்கியவர்கள் டென்வரிலிருந்து வருகிறார்கள்,
ஆட்டம் முக்காலாகும்போது எழுந்து போய்விடுகிறார்கள்.
நான் கடைசி விநாடிவரை இருந்தேன்,
பெஞ்சின் குளிர் எலும்பில் ஏற.

பெட்டிகள் பேசின.
ஒன்றில் டிஷ்யூ காகிதம், ரிப்பன் கட்டி.
ஒன்றில் அனுதாப அட்டை, தபால்தலை ஒட்டாமல்
(விதிப்படி திருப்பவேண்டும்; வைத்துக்கொண்டேன்).
ஹாஸ்கின்ஸ் வீட்டு நாய்
மஞ்சள் ஸ்வெட்டரில் குரைத்தது.
எல்லாம் தாங்கினேன். எல்லாம் எதிர்பார்த்ததுதான்.

பயந்தது ஓரின் குபிக் வீட்டுக்கு.
போன வருஷம் அந்த மனிதர்
மஞ்சள் போர்வை போர்த்திய கழுதையை
என் வண்டிக்குக் குறுக்கே நிறுத்தினார்.
ஆறு வருஷத்துக்கு முன், நாங்கள் கடைசியாக ஜெயித்தபோது,
அவருடைய வைக்கோல் உருளைமேல்
சாம்பல் பெயின்டில் நாரை வரைந்துவிட்டு வந்தேன்.
அடுத்த பனிக்காலம்வரை அவர் அதை அழிக்கவில்லை.

வாசலில் நின்றிருந்தார். கடிதங்களை வாங்கிக்கொண்டார்.
"குளிர் ஜாஸ்தி" என்றார்.
"பார்த்துப் போங்க" என்றார்.
வேறொன்றும் இல்லை.

அரை மைல் போயிருப்பேன்.
அறுத்த சோளத் தாள்கள் மட்டும் நின்ற வயல்.
வெந்த புண்ணில் வேல் பாய்ச்சட்டும், அது வேலின் தர்மம்.
வேலைக் கீழே வைத்துவிட்டு
புண்ணைப் பார்த்து உச்சுக் கொட்டினால்
நான் எங்கே போவேன்?

வண்டியைத் திருப்பினேன்.
"ஓரின், ஏதாவது சொல்லுங்கள்."
"என்னத்தைச் சொல்ல, வெர்லா?"
"ஐம்பத்தாறு என்று சொல்லுங்கள்."
தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.
"அஞ்சு வருஷமா நீங்களேதானே தோக்கறீங்க.
எனக்கே கூச்சமா இருக்கு."

இதுவரை யாரும் என்னை
இவ்வளவு மோசமாகத் திட்டியதில்லை.

என் முகத்தில் என்ன பார்த்தாரோ,
கார் கொட்டகைக்குள் போய்
ஒரு பூசணிக்காயைத் தூக்கி வந்தார்.
ஒரு பக்கம் 56 என்று செதுக்கியிருந்தது.
மறுபக்கம் ஒரு நாரை,
கால் மேலே, தலை கீழே.
"சனிக்கிழமையே செதுக்கிட்டேன்.
இன்னிக்கு நீங்க வண்டி ஓட்டி வந்த லட்சணத்தைப் பார்த்து
ஒளிச்சு வெச்சேன்."

திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
"நாரைக்கு முழங்கால் இப்படி மடங்காது" என்றேன்.
"உங்க நாரைக்கு முழங்கால் இருக்கா என்ன?" என்றார்,
அப்போதுதான் வந்தது
அந்தப் பழைய, பொறுக்க முடியாத இளிப்பு.

இடது பக்கத் தட்டில் வைத்துக் கிளம்பினேன்.
மீதி அறுபது பெட்டி.
ஒவ்வொரு திருப்பத்திலும் அது உருண்டு
மின்சார பில்களின்மேல் ஏறியது.
ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஓட்டினேன்.